வொயிட்லா ஐன்ஸ்லியின் மருந்து நூல்கள்: செங்கற்பட்டுச் சீமையின் தமிழ்ச் சொற்சான்று

ஆய்வுச் சுருக்கம்

கிழக்கிந்தியக் கும்பினியின் அறுவை மருத்துவராகச் செங்கற்பட்டில் பணியாற்றிய வொயிட்லா ஐன்ஸ்லி 1813ஆம் ஆண்டிலும் 1826ஆம் ஆண்டிலும் வெளியிட்ட மருந்து நூல்கள் மருத்துவ வரலாற்றாசிரியர்களால் மட்டுமே பெரிதும் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தியர்களிடையே வழங்கிய தமிழ்ச் சொற்களின் ஆவணங்களும் ஆகும். அச்சொற்களைத் தமிழாய்வு எவ்வாறு பயன்படுத்தலாம், எந்த எல்லைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஐன்ஸ்லி, செங்கற்பட்டு, மருந்துப் பெயர்கள், அம் சாரியை, பேச்சுத்தமிழ், வைத்திய நூல்கள், சேலையூர்.

முன்னுரை

ஐரோப்பியர் தமிழ்ப்பணி என்னும் தலைப்பில் பேசப்படுவோர் பெரும்பாலும் சமயப் பணியாளர்களும் ஆட்சி அலுவலர்களுமே. சீகன்பால்கு, வீரமாமுனிவர், எல்லிஸ், வின்சுலோ, கால்டுவெல், போப் எனத் தொடரும் அவ்வரிசையில் கும்பினியின் அறுவை மருத்துவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. அவர்கள் இலக்கணம் எழுதவில்லை, அகராதி தொகுக்கவில்லை, செய்யுள்களை மொழிபெயர்க்கவும் இல்லை. ஆயினும் நாட்டு மருந்துகளை அறிய முற்பட்டபோது அவற்றின் பெயர்களை அவர்கள் உள்ளூர் மக்களிடம் கேட்டறிந்து எழுத வேண்டியிருந்தது. அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் தமிழாய்வுக்கு மிகவும் பயன்படத்தக்கவை ஐன்ஸ்லியின் நூல்களாகும்.

அந்நூல்களில் உள்ளது ஏட்டுத் தமிழ் மட்டுமன்று. மருந்துக்கடையிலும் வைத்தியர் வீட்டிலும் வழங்கிய பேச்சுத்தமிழும் அவற்றில் பதிவாகியுள்ளது. அப்பதிவைப் படிக்கும் முறை தெரியாதபோது அது பிழையான எழுத்துக்கூட்டலாகத் தோன்றும். முறை தெரிந்தால் நாளிட்ட மொழிச்சான்றாகும்.

அறுவை மருத்துவர்களும் தாவர அறிவும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திற்கு வந்த கும்பினி மருத்துவர்களுள் ஸ்காட்லாந்தினர் பலர். எடின்பரோவில் மருத்துவக் கல்வியுடன் தாவரவியலும் கற்பிக்கப்பட்டது. மருந்துகளுள் பெரும்பகுதி செடிகொடிகளிலிருந்து பெறப்பட்டதால் தாவர அறிவு மருத்துவனுக்கு இன்றியமையாததாகக் கருதப்பட்டது. 1776இல் சென்னைக்கு வந்த வில்லியம் ராக்ஸ்பர்க் அம்மரபில் பயின்றவர். சைதாப்பேட்டையில் தோட்டம் அமைத்து, சாயப்பூச்சி வளர்க்கச் சப்பாத்துக்கள்ளி பயிரிட்டுப் பார்த்த ஜேம்ஸ் ஆண்டர்சனும், 1819இல் வந்து தென்னிந்தியத் தாவரங்களின் படத்தொகுதிகளை 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ராபர்ட் வைட்டும் மருத்துவர்களே.

இவர்களுடன் தரங்கம்பாடி சமயப் பணியாளர்களும் இணைந்து செயற்பட்டனர். அவர்களுள் ராட்லர் தமிழாய்வாளர்க்கு நன்கு அறிமுகமானவர். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836இல் மறைந்த அவர், தாவரவியலாளராகவும் தமிழ்–ஆங்கில அகராதியாசிரியராகவும் விளங்கினார். அவ்வகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தாவரப் பெயரைத் திரட்டும் பணியும் சொல்லைத் திரட்டும் பணியும் ஒருவரிடமே கூடியிருந்தமை அக்காலச் சூழலைக் காட்டுகிறது.

ஐன்ஸ்லியின் வாழ்வும் பணியும்

ஐன்ஸ்லி 1767இல் ஸ்காட்லாந்தின் டன்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். 1788ஆம் ஆண்டு சூன் மாதம் கும்பினியின் உதவி அறுவை மருத்துவராக நியமனம் பெற்றார். இந்தியாவுக்கு வந்ததும் செங்கற்பட்டுக் கோட்டைப் படைப்பிரிவின் மருத்துவராக அமர்த்தப்பட்டார். 1794இல் கஞ்சம் பகுதிக்கு மாற்றப்பட்ட அவர், இரண்டு மாதங்களில் தம் விருப்பத்தின் பேரிலேயே மீண்டும் செங்கற்பட்டுக்குத் திரும்பினார். 1810இல் மேற்பார்வை அறுவை மருத்துவராக உயர்ந்து தென்பிரிவுப் படையின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார்.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அதன் காரணங்களை ஆராயச் சென்னை அரசு அமைத்த குழுவிற்கு ஐன்ஸ்லியே தலைவர். அக்குழுவின் அறிக்கை நோயை மட்டுமன்றி நிலம், நீர், பயிர், வாழ்க்கைமுறை ஆகியவற்றையும் ஆராய்ந்து 1816இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. 1815இல் அவர் பணியிலிருந்து விலகித் தாயகம் திரும்பினார். 1835இல் வீரப்பட்டம் பெற்று 1837இல் மறைந்தார்.

அவரது இந்திய வாழ்க்கை ஏறத்தாழ 27 ஆண்டுகள் நீடித்தது. அதன் தொடக்கக் காலம் செங்கற்பட்டுடன் பிணைந்திருந்தது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினி பெற்ற சாகீர் நிலப்பகுதியே அன்றைய செங்கற்பட்டுச் சீமை. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஊர்களைக் கடந்து செங்கற்பட்டை அடைய வேண்டும். தாம்பரத்திற்குக் கிழக்கே அமைந்த சேலையூரும் இந்நிலப்பரப்பைச் சேர்ந்ததே. எனவே ஐன்ஸ்லியின் தமிழறிவு இச்சீமையில்தான் தொடங்கியது எனக் கொள்ளலாம். பின்னர்த் தென்மாவட்டங்களிலும் அவர் பணியாற்றியதால் அவர் தந்த சொற்கள் அனைத்தையும் செங்கற்பட்டு வழக்கென்று கொள்ளுதல் பொருந்தாது.

இரு நூல்களின் அமைப்பு

ஐன்ஸ்லியின் முதல் நூல் 1813இல் சென்னையில் அச்சாயிற்று. ‘மெட்டீரியா மெடிக்கா ஆஃப் இந்துஸ்தான்’ என்னும் அந்நூலின் தலைப்பிலேயே கைவினைஞர், உழவர் ஆகியோரின் சொற்றொகுதி பற்றிய குறிப்பும் இடம்பெறுகிறது. அதனை விரிவாக்கித் திருத்தி 1826இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ‘மெட்டீரியா இண்டிகா’ எனப் பெயர்பெற்ற இரண்டாம் நூல் மருந்துப் பொருள்களோடு, பல கீழைமொழிகளில் வழங்கும் நோய்ப்பெயர்களையும் கீழைநாட்டு அறிவியல் நூற்பட்டியலையும் கொண்டுள்ளது.

முதல் தொகுதி ஐரோப்பிய மருத்துவத்திலும் இடம்பெற்ற பொருள்களை முதன்மையாகக் கூறுகிறது. இரண்டாம் தொகுதி பெரும்பாலும் நாட்டு வைத்தியர்கள் மட்டுமே பயன்படுத்திய பொருள்களுக்கு உரியது. இப்பகுப்பு ஐரோப்பிய மருத்துவத்தை அளவுகோலாகக் கொண்டது. ஆயினும் அதனால் எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. ஐரோப்பாவில் அறியப்படாத பொருளுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் இராது. ஆகவே இரண்டாம் தொகுதியில் பல பதிவுகள் தமிழ்ப்பெயரையே தலைச்சொல்லாகக் கொண்டு தொடங்குகின்றன. அதன்பின் தக்கணி, தெலுங்கு, வடமொழி, அரபு, பாரசீகம் முதலிய மொழிகளின் பெயர்களும் தாவரவியற் பெயரும் பயனும் தரப்படுகின்றன. இந்தியா முழுமைக்கும் உரியதாகத் தலைப்பிடப்பட்ட நூலொன்று தமிழ்ச் சொல்லை அடித்தளமாகக் கொண்டு அமைந்துள்ளமை இதனால் புலனாகிறது.

நூலில் வைத்தியர்கள் ‘வைத்தியன்’ என்னும் தமிழ்வழக்குச் சொல்லாலேயே பலவிடங்களில் சுட்டப்படுகின்றனர். மருந்துப் பகுதிகளைக் குறிக்கும் வேர், இலை, பட்டை, எண்ணெய், பால் ஆகிய சொற்களும் மொழிபெயர்க்கப்படாமல் உரோமன் எழுத்தில் அப்படியே வருகின்றன.

எழுத்துக்கூட்டலில் பதிந்த தமிழ்

இச்சொற்களைப் படிக்கும்போது முதலில் ஐன்ஸ்லியின் ஆங்கிலச் செவியையும் தமிழ்ப் பேச்சையும் பிரித்தறிதல் வேண்டும். ‘நன்னாரி’ என்பதன் முதலெழுத்தில் வரும் அகரத்தை அவர் ஆங்கில ‘யு’ எழுத்தால் எழுதுகிறார். அதைக் கண்டு ‘நுன்னாரி’ என்றொரு வழக்கு இருந்ததெனக் கொள்வது பிழையாகும். ஆங்கிலத்தில் அவ்வெழுத்து அகரத்தை ஒத்து ஒலிப்பதுண்டு. அது எழுதும் முறை மட்டுமே. இவ்வாறே நெடில் ஏகாரத்தை அவர் ‘ஏ’, ‘ஒய்’ என்னும் இரு ஆங்கில எழுத்துகளால் குறிப்பதும் எழுத்துமுறை சார்ந்ததே.

இதற்கு மாறாகச் சில வடிவங்கள் உண்மையான பேச்சொலியைக் காட்டுகின்றன. எருக்கு என்னும் சொல் யகர ஒலியுடன் தொடங்குமாறு, ‘யெர்க்கம்’ எனப் படிக்கத்தக்க வகையில் எழுதப்பட்டுள்ளது. சொன்முதல் எகரத்திற்குமுன் யகரச் சாயல் தோன்றுவது இன்றைய பேச்சிலும் காணப்படும் இயல்பாகும். ‘குப்பைமேனி’ என்பது ‘குப்பமேனி’ என்றும், ‘இலை’ என்பது எகரத்தில் தொடங்கும் வடிவிலும் பதிவாகியுள்ளன. முன்னது சொல்லிடை ஐகாரம் அகரமாதல். பின்னது அடுத்த அசையின் உயிரால் இகரம் எகரமாதல். இவ்விரண்டும் இன்று பேச்சுத்தமிழின் பொது இயல்புகளாக விளக்கப்படுவன. இவை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வழக்கில் இருந்தமைக்கு நாளிட்ட சான்று இங்குக் கிடைக்கிறது. எழுத்துமரபைப் போற்றிய தமிழ் ஏடுகளில் இத்தகைய சான்று எளிதில் அகப்படாது. தமிழ் எழுத்துமரபு அறியாத ஒருவர் காதால் கேட்டவாறு எழுதியதே இங்குப் பயனாகியது.

இன்னும் கருதத்தக்கது சாரியை பற்றிய செய்தி. மரப்பெயர்கள் பிற சொற்களொடு புணரும்போது அம் சாரியை பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. அவ்வாறே எருக்கு என்பது ‘எருக்கம்வேர்’, ‘எருக்கம்பால்’ என்றும், வேம்பு என்பது ‘வேப்பம்பட்டை’ என்றும் வரும். வைத்தியர் மருந்தைச் சொல்லும்போது செடியின் பெயரைத் தனியே சொல்வதைவிட வேரையோ பாலையோ சேர்த்துச் சொல்வதே மிகுதி. ஆதலால் ஆங்கிலேயர் காதில் சாரியையோடு கூடிய வடிவே பெயராகப் பதிந்தது. பின்னாளில் சென்னை மாகாண ஆங்கில நூல்களில் எருக்கு நாரைக் குறிக்கச் சாரியை ஒட்டிய ‘யெர்க்கம்’ என்னும் வடிவமே தனிச்சொல்லாக வழங்கியது. புணர்ச்சியில் மட்டும் வரும் ஓர் உறுப்பு, பிறமொழியில் பெயரின் பகுதியாகவே உறைந்துவிட்டமைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. தொல்காப்பியர் வகுத்த புணர்ச்சி, நூல் நெறியாக மட்டுமன்றிக் கடைவழக்காகவும் வாழ்ந்தது என்பதையும் இது உறுதிப்படுத்துகிறது.

பெயரும் பொருளும்

மருந்துப் பெயராய்வில் மொழியின் எல்லையைத் தாண்டிய சிக்கல் ஒன்று உண்டு. பெயர் மாறினால் மருந்தே மாறிவிடும்.

தாவரவியற் பெயர் நிலையானது, வழக்குப்பெயர் நிலையற்றது என்பது பொதுவான கருத்து. ஐன்ஸ்லியின் நூல் இக்கருத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது. அவர் நன்னாரியைப் ‘பெரிப்லோகா இண்டிகா’ என்னும் பெயருடன் இணைக்கிறார். இன்று அது ‘ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ்’ ஆகும். அவர் காலத்தில் ‘ஆஸ்கிளிப்பியாஸ் ஜைகான்டியா’ எனப்பட்ட எருக்கு இன்று ‘கலோட்ராபிஸ் ஜைகான்டியா’ எனப்படுகிறது. வகைப்பாடு வளர வளர இலத்தீன் பெயர்கள் மாறின. நன்னாரியும் எருக்கும் தமிழில் மாறவில்லை. பழைய நூலில் கூறப்பட்ட செடியை இன்று இனங்காணத் தமிழ்ப்பெயரே பல இடங்களில் உறுதியான கயிறாக உதவுகிறது.

எனினும் தமிழ்ப்பெயரை மட்டும் நம்புவதும் போதாது. கீழாநெல்லி இதற்குச் சான்று. ஐன்ஸ்லியும் அவருக்குப் பின் வந்தோரும் அதனைப் ‘பில்லாந்தஸ் நிரூரி’ எனக் குறித்தனர். அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது என்றும், இந்தியாவில் கீழாநெல்லியாக வழங்குவது பெரும்பாலும் ‘பில்லாந்தஸ் அமாரஸ்’ என்றும் இருபதாம் நூற்றாண்டின் வகைப்பாட்டாளர்கள் தெளிவுபடுத்தினர். மேலும், தோற்றத்தில் ஒத்த பிற இனங்களும் அதே தமிழ்ப்பெயரில் சந்தையில் கலந்து வருகின்றன. காமாலை நோயாளிக்குக் கொடுக்கப்படும் சரக்கு எது என்னும் வினா இங்குச் சொல்லாய்வையும் தாவரவியலையும் ஒருங்கே வேண்டி நிற்கிறது.

இச்சிக்கலை உணர்ந்து செயற்பட்டவர் சென்னை மருத்துவர் மொகிதீன் செரீப். எட்வர்டு வாரிங் பதிப்பித்த இந்திய மருந்து நூல் 1868இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டே மொகிதீன் செரீப் அதற்கொரு துணைநூலை எழுதினார். நாட்டுமொழிப் பெயர்களைச் சரிபார்ப்பதும், ஒரே பெயரில் வழங்கும் வேறுவேறு சரக்குகளைப் பிரித்துக் காட்டுவதும் அதன் முதன்மை நோக்கங்களாகும். ஐன்ஸ்லி தொடங்கிய பணி, உள்ளூர் மொழிகளை அறிந்த இந்திய மருத்துவர் ஒருவரால் திருத்தம் பெற்றதென்று இதனைக் கொள்ளலாம்.

வைத்திய நூற்பட்டியலின் மதிப்பு

ஐன்ஸ்லி தரும் நூற்பட்டியலில் அகத்தியர் முதலானோர் பெயரில் வழங்கிய தமிழ் வைத்திய நூல்கள் சிறுகுறிப்புகளுடன் இடம்பெறுகின்றன. சித்தர் பெயரிலான மருத்துவ நூல்களின் காலம் பற்றிய விவாதம் இன்றுவரை முடியவில்லை. அவற்றின் தொன்மையை மிகையாக உயர்த்துவோரும், அவை மிகப் பிற்காலத்தவை எனத் தள்ளுவோரும் உளர். இவ்விவாதத்தில் ஐன்ஸ்லியின் பட்டியல் ஒரு மேலெல்லையை வகுக்கிறது. பட்டியலில் பெயர் காணப்படும் நூல், குறைந்தது அப்பட்டியல் அச்சான காலத்திற்கு முன்னரே வைத்தியர் கையில் ஏடாக இருந்திருக்க வேண்டும். அந்நூல்கள் பரவலாக அச்சேறுவதற்கு முற்பட்ட நிலையை இது காட்டுவதால் அதன் மதிப்பு மிகுதி.

ஆனால் இச்சான்றைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். பெயரொற்றுமை பாடவொற்றுமை ஆகாது. அகத்தியர் பெயரில் ஒத்த எண்ணிக்கைத் தலைப்புடைய நூல்கள் பல உள்ளன. ஐன்ஸ்லி குறித்த நூலும் பிற்காலத்தில் அச்சான நூலும் ஒன்றே என்பதைச் சுவடிகளோடு ஒப்பிட்ட பின்னரே துணிய முடியும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் உள்ள வைத்தியச் சுவடிகள் இவ்வொப்பீட்டிற்கு உரிய களங்களாகும்.

பெயர் பெறாத வைத்தியர்

ஐன்ஸ்லியின் நூலில் ஐரோப்பியத் தாவர அறிஞர்கள் பெயர் சுட்டப்படுகின்றனர். செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்த தமிழ் வைத்தியரோ ‘வைத்தியர்கள் கூறுவர்’ என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றனர். ராபர்ட் வைட்டுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய ஓவியர்களின் பெயர்கள் அவரது படத்தாள்களால் நிலைபெற்றன. கோவிந்துவின் பெயரால் ஆர்க்கிடு செடிவகை ஒன்றுக்கும் பெயரிட்டார் வைட்டு. படம் தனியொருவரின் கைவேலையாகக் கருதப்பட்டது. மருந்தறிவு பொதுச்சொத்தாகக் கருதப்பட்டது. இவ்வேறுபாடே வைத்தியரின் பெயரை மறைத்தது எனலாம்.

இதனால் ஐன்ஸ்லியின் உழைப்பு சிறுமையுறாது. ஆனால் நூலாசிரியர் என்னும் சொல்லை அவருக்கு வழங்கும்போது அவர் தொகுப்பாளரும் ஆவார் என்பது நினைக்கப்பட வேண்டும். சொற்களும் பயன்களும் வைத்தியரிடமிருந்து வந்தவை. வரிசைப்படுத்தலும் ஒப்பீடும் மதிப்பீடும் ஐன்ஸ்லியுடையவை. இவ்விரண்டையும் பிரித்துப் படிப்பதே அந்நூலுக்கும் வைத்தியருக்கும் நேர்மை செய்வதாகும்.

சேலையூரும் களஆய்வும்

மருத்துவர்கள் தொடங்கிய தாவரத் தொகுப்புப் பணி இதே நிலப்பரப்பில் வேறு வடிவில் தொடர்ந்தது. அறுவை மருத்துவர் எட்வர்டு பால்பரின் பொறுப்பில் 1851இல் சென்னை அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தின் வெளியீடாகச் சென்னை நகரும் அதன் சுற்றுப்புறமும் சார்ந்த பூக்கும் தாவரங்கள் பற்றிய மயூரநாதனின் நூல் 1929இல் வந்தது. அதற்குத் துணைநூல் எழுதியவர் எட்வர்டு பார்ன்ஸ். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். 1937இல் அக்கல்லூரி நகரிலிருந்து சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தபோது, புதிய வளாகத்தில் மரங்களை வளர்ப்பதிலும் இயற்கைப் புதர்க்காட்டைப் பேணுவதிலும் பார்ன்சும் அவர் துணைவியாரும் பெரும்பங்கு ஆற்றினர்.

ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புடைய அவ்வளாகத்தில் எஞ்சியுள்ள புதர்க்காடு, நகரமயமான தாம்பரம் பகுதியில் பழைய செங்கற்பட்டுச் சீமையின் இயற்கைத் தாவரச்சூழலைக் காணத்தக்க சில இடங்களுள் ஒன்று. அதற்கு அண்மையில், தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் செயற்பட்டு வருகிறது. செடி நிற்கும் காடும், செடியை மருந்தாக்கும் நிறுவனமும், சொல்லை ஆராயும் தமிழ்த்துறைகளும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது ஐன்ஸ்லியின் சொற்களைச் சரிபார்க்க வாய்ப்பான சூழலாகும்.

அதற்குரிய பணிகள் மூன்று. முதலாவது, இரு நூல்களிலும் உள்ள தமிழ்ப்பெயர்கள் அனைத்தையும் தமிழ் எழுத்தில் மீட்டமைத்து, 1813ஆம் ஆண்டு வடிவத்தையும் 1826ஆம் ஆண்டு வடிவத்தையும் அருகருகே காட்டும் சொல்லடைவு. இரண்டாவது, அவ்வடைவை 1779இல் வெளிவந்த பெப்ரிசியசு அகராதி, ராட்லர் அகராதி, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஐன்ஸ்லியிடம் மட்டும் காணப்படும் சொற்களைப் பிரித்தெடுத்தல். மூன்றாவது, இன்றைய வைத்தியரும் நாட்டு மருந்துக் கடையினரும் அப்பெயரால் எச்செடியைச் சுட்டுகின்றனர் என்பதைத் தாவரவியலாளர் துணையுடன் களத்தில் உறுதிசெய்தல். இவற்றுள் மூன்றாவது பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று. புதர்க்காடுகள் வீட்டுமனைகளாக மாறும்போது செடி மட்டுமன்றி, அதனைப் பெயர்சொல்லிச் சுட்டக்கூடியவர்களும் அருகிவிடுகின்றனர்.

முடிவுரை

ஐன்ஸ்லியின் நூல்கள் தமிழாய்வுக்கு மூவகையில் பயன்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பேச்சொலிகளுக்கு அவை நாளிட்ட சான்று தருகின்றன. தமிழ் வைத்திய நூல்கள் சிலவற்றின் காலத்திற்கு மேலெல்லை வகுக்கின்றன. வகைப்பாட்டு மாற்றங்களுக்கிடையில் செடியை இனங்காணத் தமிழ்ப்பெயர் உதவும் இடங்களையும் உதவாத இடங்களையும் காட்டுகின்றன. இப்பயன்களைப் பெற, ஆங்கில எழுத்துமுறையால் வந்ததையும் தமிழ்ப் பேச்சால் வந்ததையும் பிரித்தறிதல் முதற்படியாகும்.

ஐரோப்பியர் தமிழ்ப்பணி வரலாற்றில் அறுவை மருத்துவர்களுக்கு ஓர் இயல் அமைய வேண்டுமெனில், அவ்வியலில் அவர்களுக்குச் சொல் வழங்கிய வைத்தியர்களும் இடம்பெற வேண்டும். அவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. அவர்கள் சொன்ன நன்னாரியும் குப்பைமேனியும் எருக்கும் அவர்கள் சொன்ன ஒலியிலேயே கிடைத்துள்ளன.